எட்டு மாதக் குழந்தைக்கு ஒரு ஹெலிகாப்டர்

பெட்டியைப் பிரித்தபோது நானும் அம்மாவும் அக்காவும் இருந்தோம். அக்காவின் மடியில் எட்டு மாதப் பெண்குழந்தை. அப்பா மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கக் கொல்லைக்குப் போயிருந்தார். பெட்டியை அனுப்பிய மாமா, அக்காவின் வீட்டுக்காரர், துபாயில் இருந்தார். அங்கே கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை. மகளை இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறார். ஊருக்கு வந்த நண்பரிடம் கொடுத்தனுப்பிய அந்தப் பெட்டியை, நான் வேலை செய்யும் விழுப்புரத்தில் வாங்கி, பெருமுக்கல் பக்கம் இருக்கும் எங்கள் வீடு வரை பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

உள்ளே ரிமோட்டில் பறக்கும் சிவப்பு ஹெலிகாப்டர்.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அதனால் எழுத்து இருக்கிற எதுவும் என் கைக்குத்தான் வரும், மாத்திரை அட்டையானாலும் உர மூட்டையானாலும். பெட்டியையும் நீட்டினார்கள். எட்டு வயதுக்கு மேல் என்று அச்சடித்திருந்தது. மூலையில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு குழந்தை முகம், குறுக்கே கோடு. எத்தனையோ பொம்மை அட்டைகளில் அதைப் பார்த்திருக்கிறேன். கம்பெனி முத்திரை என்றே நினைத்திருந்தேன். மூன்று வயது முடியாத பிள்ளைக்கு ஆகாது என்பது அதற்குப் பொருளாம். அன்றுதான் போனில் தேடித் தெரிந்துகொண்டேன்.

ஏன் ஆகாது என்ற கேள்வி என்னை விடவில்லை. ஹெலிகாப்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வாலில் இருந்த விசிறி என் சுண்டுவிரல் நகம் அளவு. லேசாக இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. ரிமோட்டின் பின்மூடியை நகத்தாலேயே நெம்ப முடிந்தது. உள்ளே பொட்டு மாதிரி ஒரு பட்டன் பேட்டரி. அதை விழுங்கினால் இரண்டு மூன்று மணி நேரத்தில் உணவுக்குழாயையே அரித்துவிடும் என்று படித்ததும் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். பாப்பாவோ எதையும் வாயால்தான் தெரிந்துகொள்வாள். பாய் மூலை, என் செருப்பு வார், அக்காவின் தாலிச்சரடு. கண்ணால் பார்ப்பது அவளுக்குப் பாதிதான். மீதியை ஈறு சொல்ல வேண்டும்.

சாயங்காலம் வீடியோவில் மாமா வருவார். மகள் அதை வைத்து விளையாடுவதைப் பார்க்க வேண்டுமென்று முதல்நாளே சொல்லியிருந்தார். அஞ்சு நிமிஷம் கையில் கொடுத்துக் காட்டிவிட்டுப் பிடுங்கிக்கொள்ளலாம் என்றாள் அம்மா. மாமா அழைத்ததும் அக்கா நேராகச் சொல்லிவிட்டாள்.

"இது அவளுக்கு ஆவாதுங்க. இழுத்தா வால் கயண்டுக்கினு வருது. வாயில போட்டுக்கினா நான் இன்னா பண்ணுவேன்?"

மாமா போனை என்னிடம் தரச் சொன்னார்.

"இன்னா மச்சான், படிச்சவரு சொல்லிக் குடுத்தீங்களா?" சிரிப்பது போலத்தான் இருந்தது. "அப்ப எம்பொண்ணுக்கு நான் இன்னாதான் வாங்கித் தர்றது? பணம் மட்டும் அனுப்பிக்கினு இருக்கட்டுமா?"

நீங்களே வாங்குங்கள் மாமா, திண்டிவனத்தில் கடைக்குப் போகிறோம், போனில் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன்.

அவருடைய லீவு நாளில் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நானும் அக்காவும் போனோம். கடைக்கார அம்மா எடுத்து வைக்க வைக்க, நான் போனை அதன்மேல் பிடித்தேன். கண்ணை இழுத்துப் பார் என்றார் மாமா. முயல் பொம்மையின் கண் வந்துவிட்டது. ஈரத்துணியால் தேய்க்கச் சொன்னார். மர யானையின் நீலம் துணியில் ஏறியது. கிலுகிலுப்பையை ஆட்டச் சொன்னார். உள்ளே இருந்த மணிகள் கேட்டன, மூடி ஆடுவதும் கேட்டது.

"துபாய்ல இருந்துகினே எங்கடையப் பிரிக்கிறாரே உங்க வூட்டுக்காரரு. இடிக்கிற வேலையா அவருக்கு?" என்றாள் கடைக்கார அம்மா.

"கட்டற வேலதாங்கா. சாரத்துல ஒரு நட்டு லூசா இருந்தா ஆளு கீழ" என்றார் மாமா. அக்கா சிரித்துவிட்டாள்.

கடைசியாக வந்தது ஒரு மஞ்சள் வளையம். கடிப்பதற்கென்றே செய்தது, ஆறு மாதத்திலிருந்து என்று அட்டையில் இருந்தது. பாப்பாவின் வாயைவிடப் பெரியது. சுற்றிச் சுற்றிக் காட்டச் சொன்னார் மாமா.

"ஒட்டு எங்க?"

"ஒட்டே இல்ல மாமா. ஒரே வார்ப்பு."

"அப்ப அவ கையில குடு."

அக்கா கொண்டுவந்திருந்த வெந்நீரில் அதைக் கழுவிக் கொடுத்தாள். பாப்பா இரண்டு கையாலும் பிடித்து, ஒரு பக்கம் நக்கி, திருப்பி, மறுபக்கம் கடித்தாள். இருநூற்று ஐம்பது என்றாள் கடைக்கார அம்மா. நூற்று ஐம்பதுக்குக் கேட்க ஆரம்பித்த மாமா பாதியில் நிறுத்திவிட்டார். போன் முழுக்க மகளின் ஈறும் எச்சிலும்தான். நான் பர்ஸை எடுத்ததைப் பார்த்துவிட்டார்.

"நீ தராத மச்சான். நான் அனுப்பன பணத்துல உங்க அக்கா தரட்டும்."

கடைக்கார அம்மா போனை ஒரு தரம் பார்த்துவிட்டு, கேட்காமலே இருபது குறைத்துக்கொண்டாள். அக்கா எண்ணிக் கொடுத்தாள், இருநூற்று முப்பது ரூபாய்.