பூதம் முந்திக்கொண்டது

குழுவில் எல்லோருக்கும் அவர் 'பூதம்'தான். ஆளைவிட உயரமான டபுள் பாஸ் என்ற ராட்சத வயலினை முதுகில் சுமந்துகொண்டு படியேறி வருகிறவருக்கு வேறென்ன பெயர் வைப்பது? பத்தே பேர் கொண்ட சின்ன இசைக்குழு அது. எதிரே நின்று கையை ஆட்டி நடத்த ஆள் கிடையாது. முதல் வயலின்காரி மூக்கால் ஒரு மூச்சை இழுப்பாள். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் தொடங்குவார்கள்.

அந்த மூச்சு பூதத்துக்குக் கேட்காமல் போய் இரண்டு வருடமாகிறது. மனைவியைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று பழமொழி சொன்னவன்கூட ஊதியவனுக்காகத்தான் வருத்தப்பட்டான். செவிடனை யார் கேட்டார்கள்? காது போனது தெரிந்தால் குழுவில் இடமும் போகும். ஐம்பத்தெட்டு வயதில் அவருக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. தெரிந்திருந்தாலும் வேண்டாம்.

ஒரு வழி வைத்திருந்தார். வாத்தியத்தின் அடியில் இருக்கும் இரும்புக் கம்பி மேடைப் பலகையில் ஊன்றி நிற்கும். பக்கத்தில் செல்லோக்காரர் தன் வாத்தியத்தையும் அப்படியே ஊன்றி வாசிப்பது பலகை வழியாக ஏறி உள்ளங்காலில் தெரியும். அதற்காகவே அடி தேய்ந்த பழைய ஷூவைப் போட்டுக்கொள்வார். "கஞ்சப் பிசினாறி, புதுசு ஒண்ணு வாங்கித் தொலையேன்யா" என்று செல்லோக்காரர் கேலி செய்வார். மற்றதைக் கண் பார்த்துக்கொள்ளும்.

போன கச்சேரியில் கொஞ்சம் பிந்திவிட்டார். வயலின்காரி தனியே அழைத்துப் போய், "அண்ணா, உடம்புக்கு ஏதாவது முடியலையா? எதுவா இருந்தாலும் எங்கிட்ட சொல்லிடுங்க" என்றாள். அவள் உதட்டைப் பார்த்துப் படித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லம்மா, சரியாத் தூக்கமில்ல" என்று சமாளித்தார்.

இந்தக் கச்சேரிக்கு 'மந்திரக் காடு' என்று பெயர். கூட்டமும் சேர்ந்து கதையை நடத்த வேண்டும். உள்ளங்கையைத் தேய்த்தால் காற்று, விரலைச் சொடுக்கினால் மழை, காலால் தரையை உதைத்தால் ராட்சதர் படை. பிறகு இருட்டு, அமைதி. செல்லோவில் ஒரே ஒரு நீண்ட தாழ்ந்த சுரம். அது நின்றதும் டபுள் பாஸ் தனியாக உறுமும். உறங்கிய பூதம் விழிக்கும். ஒத்திகையில் ஒரு தடவைகூடத் தவறவில்லை. ஒத்திகையில் கூட்டம் இல்லை என்பது மட்டும் அவருக்கு உறைக்கவேயில்லை.

அன்று மாலை அரங்கு நிறையக் குழந்தைகள். உதை என்றதும் உதைத்தார்கள் பாருங்கள், மேடையே குதித்தது. விளக்கணைந்த பிறகும் விடவில்லை. அந்த அதிர்வில் செல்லோ வாசிக்கிறதா இல்லையா என்று பூதத்தின் கால் எப்படிக் கண்டுபிடிக்கும்? சட்டென்று பலகை அடங்கியது. செல்லோவும் முடிந்துவிட்டது என்று நினைத்து வில்லை அழுத்தி இழுத்தார். பாவம், கூட்டம் அடங்கட்டும் என்று செல்லோக்காரர் இன்னும் தொடங்கவே இல்லை.

வில் பாதி தூரம் போனபோது பக்கத்திலிருந்து வேறொரு அதிர்வு காலில் ஏறியது. செல்லோ இப்போதுதான் தொடங்குகிறது. நிறுத்தவும் முடியவில்லை. அப்படியே செத்துப்போனால் தேவலை என்றிருந்தது.

விளக்கு வந்தபோது குழந்தைகள் எழுந்து நின்று குதித்தார்கள். வாய்கள் திறந்து திறந்து மூடின.

அரங்கு காலியானதும் மனைவி மேடைக்கு வந்தாள். அவர் சுவரைப் பார்த்துக் குனிந்து வாத்தியத்துக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் வந்து நின்றதும், "பாத்தியா, பசங்க எப்படிக் குதிச்சாங்க! கதையே அப்படித்தான்னு நெனச்சுட்டாங்க. தப்பிச்சோம்டி" என்றார்.

அவள் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறியிருந்தது.

திரும்பினார். இரண்டடி தள்ளி வயலின்காரி நின்றிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"இப்பத்தான் வந்தியாம்மா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். மனைவி அவர் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, உதடு தெரிய மெதுவாகச் சொன்னாள்: "ரொம்ப நேரமா உங்களத்தான் கூப்பிட்டுக்கிட்டு நிக்கிறாங்க."