பெரியப்பா டில்லிக்குப் போன தீபாவளி

பட்டாசு கடத்துகிறார் என்று சொந்தப் பெரியப்பாவையே காட்டிக்கொடுத்தவள் நான். அப்போது எனக்கு ஒன்பது வயது. துப்புத் துலக்குவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைப்பு வேறு.

பெரியப்பாவுக்கு எங்கள் பக்கத்து வீடுதான். அச்சங்குளத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் முப்பது வருடத்துக்கு மேல் போர்மேன். கம்பெனி வேனை ஓட்டிப் பழகியவர்தான், ஆனால் மதுரையைத் தாண்டியதில்லை. அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற கையோடு ஒரு பழைய வேனை வாங்கி, பின் சீட்டைக் கழற்றிவிட்டு மெத்தை போட்டார். பெரியம்மாவோடு டில்லி வரைக்கும் ரோட்டிலேயே போகப்போகிறாராம். அதுவும் தீபாவளிக்கு அங்கே இருக்க வேண்டுமாம். டில்லி என்றாலே அப்போது எங்கள் ஊரில் எரிச்சல். அங்கே வெடிக்குத் தடை போட்டதில் ஆர்டர் குறைந்து, பாதிப் பேருக்குச் சரியாக வேலை இல்லை. போயும் போயும் அந்த ஊருக்கா என்று தெருவே கேட்டது. பெரியப்பா சிரித்து மழுப்பினார். அந்த மழுப்பல்தான் எனக்கு இடித்தது.

அதோடு கம்பெனி கொடுத்த கிப்ட் பாக்ஸையும் காணோம். வருடா வருடம் அந்தப் பட்டாசுப் பெட்டி எனக்குத்தான் வரும். இந்தத் தடவை ஓய்வு பெறுகிறவர் என்று இரண்டு மடங்கு பெரிய பெட்டி கொடுத்ததை என் கண்ணாலேயே பார்த்திருந்தேன். கேட்டால், "இந்த வருசம் இல்ல தாயி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தடை உள்ள ஊரில் பட்டாசு ஒன்றுக்குப் பத்தாக விலை போகும் என்று பெரியவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். அடப்பாவி மனுசா!

இரண்டு நாள் வேனையே சுற்றி வந்தேன். மெத்தைக்கு அடியில் கையை விட்டால் கேஸ் அடுப்பும் ஊறுகாய் ஜாடியும்தான் அகப்பட்டன. கிளம்புகிற அன்று காலையில் மனசு பொறுக்காமல் அப்பாவிடம் போட்டுக்கொடுத்துவிட்டேன். பட்டாசையும் கேஸ் அடுப்பையும் ஒரே வண்டியில் ஏற்றுவதா? அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய் வேனை மறித்தார்.

"அண்ணே, பெட்டி எங்கன இருக்கு? நெசத்தச் சொல்லுங்க. செக்போஸ்ட்டுல புடிச்சா இந்த வயசுல ஜெயிலுண்ணே!"

பெரியப்பா எங்களைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போனார். தண்ணீர்த் தொட்டியில் அத்தனை பட்டாசும் ஊறிக் கூழாகிக் கிடந்தது. கம்பெனியில் கழிவு வெடிமருந்தைத்தான் அப்படித் தண்ணீரில் போட்டு அழிப்பார்கள். நல்ல சரக்கை யாரும் போட மாட்டார்கள்.

"அம்புட்டும் நல்ல சரக்காச்சே. பிள்ளைட்டயாவது குடுத்திருக்கலாமேண்ணே" என்றார் அப்பா.

"வேலைதான் முடிஞ்சுருச்சே, இனியும் என் கையால யாருக்கும் குடுக்க மனசு வரலப்பா. ஒரு தீவாளியாவது சத்தமில்லாத ஊர்ல இருந்துட்டு வாரோம். வழிய விடு."

அப்பா வழியை விட்டுவிட்டார். நான்தான் ஓவென்று அழுதேன். பெரியப்பா கடத்தவில்லை என்று தெரிந்ததில் எனக்கு ஒரு நிம்மதியும் இல்லை, என் புஸ்வாணமெல்லாம் போச்சே என்று ஆத்திரம்தான். போர்மேனுக்கு வெடியென்றால் பயமாம் என்று தெருப் பிள்ளைகளிடம் சொல்லிச் சிரித்தேன்.

தீபாவளியன்று காலையில் டில்லியிலிருந்து பெரியப்பா போனில் பேசினார். "இங்கன ஒரு பொட்டுச் சத்தம் இல்ல தாயி. ஒம் பெரியம்மா அசந்து தூங்குறா" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் அண்ணன்கள் ஆயிரம் வாலாவைக் கொளுத்தினார்கள். இந்தாங்க, கேளுங்க என்று போனை அதன் பக்கம் நீட்டினேன். கடைசி வெடி வரைக்கும் கையை எடுக்கவில்லை.

திரும்பக் காதில் வைத்தபோது பெரியப்பா யாரையோ தேற்றிக்கொண்டிருந்தார். பெரியம்மா விழித்துக்கொண்டு, யாரோ ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். அவர்களுக்குப் பிள்ளையே இல்லை என்றுதான் எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். ஒரு மகள் இருந்ததும், நான் பிறக்கும் முன்பே பெரியப்பா போர்மேனாக இருந்த அறையில் மருந்து வெடித்து அவள் செத்துப்போனதும் எனக்குத் தெரிய இன்னும் ஆறு வருடம் ஆயிற்று. பெரியம்மா கெட்ட கனவு கண்டிருப்பார் என்று நினைத்து, போனை வைத்துவிட்டு அடுத்த சரத்துக்கு ஓடினேன்.