நான்காவது ஆணையரும் நாற்பது ரூபாயும்

அனுசுயா சங்கச் செயலாளர் ஆனதற்கு ஒரே காரணம், அவள் பத்தாம் வகுப்பு வரை படித்திருந்ததுதான். பூந்தமல்லிக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு நகராட்சியில் தெரு கூட்டும் நூற்றுப் பத்துப் பேரில், அரசாணையைத் தடுமாறாமல் படிக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். "நீதாம்மா படிச்சவ, நீயே பேசு" என்று சங்கத் தலைவர் வீராசாமி நோட்டை அவள் கையில் கொடுத்து ஆறு வருடம் ஆகிறது.

நாள் கூலியில் எழுபது ரூபாய் உயர்வு வேண்டும். கேட்டது அவ்வளவுதான். ஆனால் இரண்டு வருடத்தில் மூன்று ஆணையர்கள் மாறிவிட்டார்கள். வந்தவர் ஒவ்வொருவரும் கோப்பைப் பார்க்கிறேன் என்றார். பார்த்து முடிப்பதற்குள் மாற்றலாகிப் போனார். அவளுடைய கணவன் செல்வகுமாருக்குப் பாடியில் லேத் பட்டறை வேலை. சோற்றில் கை வைக்கும்போதுதான் அவனுக்கு இது ஞாபகம் வரும்.

"எங்க கம்பெனில ரெண்டு டீக்குள்ள பேசி முடிச்சுடுவோம். நீங்க இன்னா, வர்றவனுக்கெல்லாம் மொதல்லேர்ந்து கத சொல்லிகினு கீறீங்க?"

"நாளைக்கு நீ வந்து பேசேன். நான் போய் லேத் ஓட்டறேன்" என்பாள் அவள்.

நான்காவது ஆணையர் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்ட நாளில், வீராசாமி வழக்கம்போல் சால்வையோடு வந்து நின்றார்.

"அண்ணாத்தே, அத பைலயே வைங்க."

"முறைன்னு ஒண்ணு கீதுல்ல?"

"மூணு பேருக்கு முறை செஞ்சாச்சு. சால்வ போட்டு, போட்டோ புடிச்சு, கால் மணி நேரம் போய்டுது. அப்பால போன் வருது, எந்திரிச்சுப் போய்டறாங்க. கையெழுத்து போட்டா சால்வ. இல்லன்னா நீங்களே போத்திகினு ஊட்டுக்குப் போங்க."

ஆணையர் நிர்மல் இளவயதுக்காரர். உட்கார்ந்ததும் வீராசாமியின் மடியில் இருந்த பையை ஒருமுறை பார்த்தார். பை திறக்கவில்லை.

"நான் வந்து பதினோரு நாள்தான் ஆகுதும்மா. கோப்ப முழுசா பாத்துட்டு..."

"தெரியும் சார். மொத வந்தவரு பதினாலு நாள்னாரு. ரெண்டாவது வந்தவரு ஒம்போது."

வீராசாமி சிரிப்பை அடக்க இருமினார். அனுசுயாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நிதி இல்லை என்றார் ஆணையர். நகர்மன்றம் ஒத்துக்கொள்ளாது என்றார். இரண்டு மணி நேரம் கழித்து, "கோரிக்கை பரிசீலிக்கப்படும்" என்று எழுத்தரிடம் எழுதச் சொன்னார். அவள் பழைய பேச்சுவார்த்தைக் குறிப்புகள் மூன்றையும் எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள். மூன்றிலும் கடைசி வரி அதேதான்.

"அந்த வார்த்தை வேணாம் சார். அது எங்ககிட்ட நெறய கீது. எவ்ளோ தருவீங்க, என்னிக்கு மன்றத்துல வெப்பீங்க, அத எழுதுங்க."

ஆணையர் மூன்றையும் படித்தார். கணக்கரைக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். பிறகு, "நாப்பது. ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி கூட்டத்துல தீர்மானமா வைக்கிறேன். அதுக்கு மேல என் கையில இல்ல" என்றார்.

எழுபதுக்கு அடம்பிடித்தால் ஐந்தாவது ஆணையர் வந்துவிடுவார். எழுத்தர் எழுதிய காகிதத்தில் ஆணையருக்குக் கீழே அனுசுயாவும் கையெழுத்துப் போட்டாள். வீராசாமி ஒருவழியாகப் பையைத் திறந்தார். அவர் போட்டோவுக்கு நிற்பதற்குள் அவள் நகலை வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள்.

மாடிப்படிக்குக் கீழே முப்பது பெண்கள் காத்திருந்தார்கள். அவர்களிடம் தொகையைச் சொன்னாள்.

"நாப்பதா?" என்றாள் கமலம். அனுசுயாவோடு அதே தெருவில் கூட்டுகிறவள். "உள்ள ஏசி போட்டு பிஸ்கோத்து குடுத்தா எழுபது நாப்பது ஆயிடும் போல."

"பிஸ்கோத்து கூட குடுக்கல. அடுத்த தபா நீ உள்ள போ."

"போறேன், இன்னா இப்ப? சரி, அந்த நாப்பதாவது எந்த மாசத்துலேர்ந்து?"

"ஏப்ரல்" என்று சொல்லிக்கொண்டே அனுசுயா காகிதத்தைப் பிரித்தாள். தொகை இருந்தது. கூட்டத் தேதி இருந்தது. ஏப்ரல் இல்லை. உள்ளே பத்து தடவையாவது சொல்லியிருப்பாள். சொன்னதை எழுதிவிட்டார்கள் என்றே நினைத்துவிட்டாள். அந்த ஒரு வரி இல்லாவிட்டால் நான்கு மாத நிலுவை போச்சு. ஏன், அடுத்த வருடத்திலிருந்து என்றுகூட மன்றத்தில் வைக்கலாம்.

அதற்குள் ஆணையர் இறங்கிவந்து ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார். அவள் ஓடிப்போய் காகிதத்தை நீட்டினாள்.

"எந்த மாசத்துலேர்ந்துன்னு எழுதல சார்."

"அத மன்றம் முடிவு பண்ணும்மா."

"மன்றத்துக்கு நீங்க எழுதறதுதான சார் போவும்?"

எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. கமலமும் மற்றவர்களும் வந்து பின்னால் நின்றார்கள். ஆணையர் பேனாவை எடுத்து, 'ஆகஸ்ட் முதல்' என்று எழுதினார். அவள் காகிதத்தை வாங்கவில்லை.

"ஏப்ரல் சார். உள்ள ஏப்ரல்னுதான் பேசுனோம். நீங்களும் தலையாட்டுனீங்க."

அவர் அடித்துவிட்டு ஏப்ரல் என்று எழுதினார். "இப்ப சரியா?"

"அடிச்ச எடத்துல ஒரு சின்ன கையெழுத்து சார். இல்லன்னா நாங்களே திருத்திகினோம்பாங்க."

போட்டார்.

"ஆபீஸ் காப்பிலயும் சார்."

ஆணையர் பேனாவை மூடவில்லை. கூட இறங்கிவந்த எழுத்தரை அதை எடுத்துவர மேலே அனுப்பிவிட்டு, ஓட்டுநரிடம் எஞ்சினை அணைக்கச் சொன்னார்.