அழாத பிள்ளை

அன்று ஆம்பூரில் தோல் பதனிடும் கிடங்கில் இருந்தவர்கள்: நான், மேஸ்திரி காதர் பாய், ஆவாரம்பட்டை இடிக்கும் முனியம்மா, என் நாலு வயது மகள் செல்லி.

காலராவில் அவள் அம்மா போனபின் வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. வேலைக்குக் கூட்டி வந்தேன். ஓயாமல் அழுதாள். "அழுதா சுண்ணாம்புக் குழியில போட்ருவேன்" என்றேன். தோலின் மயிர் கழல ஊறப்போடும் குழி அது. கிடங்கில் எல்லோரும் பிள்ளைகளிடம் சொல்வதுதான். அதோடு அழுகை நின்றது. பேச்சும் குறைந்தது. "தங்கமான பொண்ணுப்பா" என்றார் பாய். எனக்கும் பெருமைதான்.

அன்று நான் தோல் அலசிக்கொண்டிருந்தேன். "அண்ணே, கொயந்தே!" என்று முனியம்மா கூவினாள். பத்தடி தள்ளி, முழங்கால்வரை சுண்ணாம்புக் குழிக்குள், விளிம்பைப் பிடித்துத் தொங்கினாள் செல்லி. வாய் இறுக மூடியிருந்தது.

தூக்கித் தண்ணீர் ஊற்றினோம். சுண்ணாம்பில் கால் வெந்திருந்தது.

"ஏம்மா கூப்புடல?"

"கத்துனா மொத்தமா போட்ருவியே, நைனா."

பாய் என்னைப் பார்த்தார். "இன்னாப்பா சொல்லி வெச்சிருக்கே புள்ளகிட்ட?"

இப்போது கிடங்கில் யாரும் எந்தப் பிள்ளையையும் குழியைச் சொல்லி மிரட்ட நான் விடுவதில்லை. செல்லி முகம் சுருங்கினால் கைவேலையைப் போட்டுவிட்டு மடியில் வைத்துக்கொள்கிறேன். அம்மாவை நினைத்து அழச் சொல்கிறேன்.

கால் ஆறி ஆறு மாதம் ஆகிறது. அதற்குள் அவள் வாய்விட்டு அழுதது இரண்டே தடவை.