ஆகட்டும் என்று சொன்ன வரி

புதுச்சத்திரத்தில் வெங்கடாசலத்தின் கோழிப்பண்ணைக்கு வழி கேட்டால், "லேப்டாப்பு மருமக ஊடுங்களா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்த லேப்டாப்பு மருமகள்தான் அறிவுச்செல்வி. பிறந்தது வாழப்பாடி. வேலை சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடிக் கம்பெனியில். வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறிப் போவாள். மற்ற நாளெல்லாம் வீட்டின் முன்னறைதான் ஆபீஸ்.

அவள் எழுதுவது க்ளோஜர் என்ற கம்ப்யூட்டர் மொழி. கல்லூரியில் யாரும் சொல்லித் தராத மொழி. எந்த வரியும் பிராக்கெட்டில் தொடங்கும், பிராக்கெட்டில் முடியும், நடுவிலும் பிராக்கெட்டாகவே இருக்கும். சேர்ந்த புதிதில் திரையைப் பார்த்து அழாத குறை. "பிராக்கெட்டை எண்ணிக்கிட்டு உட்காராதீங்க, அதை எடிட்டர் சாஃப்ட்வேரே பார்த்துக்கும்" என்றார் டீம் லீடர் மதியழகன். "முதல் வார்த்தை என்ன வேலைன்னு சொல்லும். மிச்சமெல்லாம் அந்த வேலைக்கான சாமான். அவ்வளவுதாங்க மொழியே." உண்மையிலேயே அவ்வளவுதான். கொஞ்ச நாளில் பிடித்துப்போனது, அப்புறம் பைத்தியமே பிடித்துவிட்டது. வலைப்பக்கத்தின் தலைப்பு, அட்டவணை, பொத்தான் என்று சகலத்தையும் அதே பிராக்கெட்டுக்குள் அடுக்குவாள். மாமியார் பொன்னாயி ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன சாமி இது, கோழிக்கூண்டுக் கம்பியாட்டமே இருக்குது?" என்று கேட்டாள்.

அவளுடைய கணவன் இளவழகனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தங்கமான பையன். கெட்ட பழக்கம் ஒன்று கிடையாது. எதைச் சொன்னாலும் "ஆகட்டும்" என்பான். அதோடு சரி! கேஸ் சிலிண்டர் புக் பண்ணச் சொன்னால் ஆகட்டும். வீட்டுக் கூரைமேல் தண்ணீர் தெளிக்கும் பைப்பில் விரிசல், மாற்றச் சொன்னால் ஆகட்டும். போய் எதிரில் நின்று "எங்கே?" என்று கேட்டால் மட்டும் அடுத்த நிமிடம் எழுந்து செய்துவிடுவான், அதுவும் சுத்தமாக. கேட்காவிட்டால் அடுத்த பொங்கல்வரை அந்த ஆகட்டும் ஆகட்டுமாகவே இருக்கும்.

சித்திரை பிறந்தது. அந்தப் பக்கத்து வெயிலைச் சொல்லவா வேண்டும்? முட்டைக்கோழிக்கு வேர்க்காது. வெக்கை ஏறினால் வாயைத் திறந்து இரைக்கும், இறக்கையை விரிக்கும், கொஞ்சம் அசந்தால் சாய்ந்துவிடும். அதற்காகவே கோழிச் செட்டுக்குள் பனிபோல் தண்ணீர் தூவும் ஃபாகர் குழாய்கள். ஆனால் அந்தக் குழாய்களுக்குத் தண்ணீர் தள்ளும் மோட்டாரை ஆள் போய்த்தான் போட வேண்டும். அதற்காகக் காத்தான் என்கிற வேலையாள் மத்தியானம் முழுக்கச் செட்டு வாசலிலேயே குந்திக் கிடப்பான்.

அறிவுச்செல்விக்கு அது பொறுக்கவில்லை. செட்டில் வெப்பம் பார்க்கும் சென்சார்களை மாட்டினாள். ஒரு வலைப்பக்கம் கட்டினாள். வெக்கை எல்லை தாண்டினால் கட்டம் சிவப்பாகும். மாமனார், கணவன், காத்தான் மூவர் போனுக்கும் செய்தி போகும். மாமனார் வெங்கடாசலம் லேசில் மசிகிற ஆள் அல்ல. "கோழி உசுருங் கண்ணு. மிசினை நம்பி உடறதா?" என்றார்.

"ஒரு தடவை பாருங்க மாமா" என்றாள்.

க்ளோஜரில் ஒரு வசதி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமோடு உட்கார்ந்து பேசலாம். ஒரு வரியை எழுதித் தட்டினால் அங்கேயே பதில் வரும். எல்லோரையும் நிற்க வைத்து, செய்தி அனுப்பும் வரியைத் தட்டினாள். மூன்று போனும் ஒரே நேரத்தில் கூவின. பொன்னாயி வாயில் கை வைத்தாள். வெங்கடாசலம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "செரி, காத்தா, நாளைக்கு நீ தீவன ரூமுக்குப் போயிரு" என்றார். அறிவுச்செல்விக்குத் தலைகால் புரியவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மனிதர் அவளை நம்பி ஒப்படைத்த முதல் காரியம் அது.

மறுநாள் மத்தியானம் முன்னறையிலிருந்தே ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாள். திரையின் ஓரத்தில் கட்டம் சிவந்தது. செய்தி போயிருக்கும் என்று நிம்மதியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, மோட்டார் சத்தத்தையே காணோம்!

செருப்புகூடப் போடாமல் ஓடினாள். செட்டுக்குள் வரிசை வரிசையாகக் கோழிகள் வாயைப் பிளந்து நின்றன. ஸ்டார்ட்டரை அழுத்தினாள். தண்ணீர் தூவ ஆரம்பித்தது. சில கூண்டுகளில் கோழிகள் சாய்ந்திருந்தன. எந்தப் போனுக்கும் எந்தச் செய்தியும் வந்திருக்கவில்லை.

வெங்கடாசலம் திட்டியிருந்தால்கூடத் தேவலை. செத்த கோழிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நாளையிலிருந்து காத்தானே நிக்கட்டும். நீ உன்ற வேலையப் பாரு கண்ணு" என்று சொல்லிவிட்டு நடந்தார். அந்தக் 'கண்ணு' அவளைச் சுட்டது. முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. வரியைத் தட்டிப் பார்த்தாள். மூன்று போனும் கூவின! மறுபடி தட்டினாள். மறுபடியும் கூவின. "ஏம்மா, கோழி செத்ததுக்கு ஊருக்கெல்லாம் மணியடிக்கறியா?" என்று வெளியிலிருந்து வெங்கடாசலத்தின் குரல் வந்தது. அவள் தட்டினால் போகிறது. தானாக ஓடும்போது போகவில்லை. அதே வரி, அதே எழுத்து. இதென்ன கூத்து?

மண்டை காய்ந்து வெளியே வந்தாள். இளவழகன் வாசல் கட்டிலில் சாய்ந்திருந்தான். தலைக்குமேல் அந்த விரிசல் பைப் சொட்டிக்கொண்டிருந்தது. இருந்த எரிச்சல் மொத்தமும் அவன்மேல் திரும்பியது.

"ஏங்க, பைப்பு என்னாச்சு?"

"ஆகட்டும்னு சொன்னனல்ல?"

"சொன்னீங்க. எங்கே?"

அவன் எழுந்தான். ஸ்பேனரை எடுத்தான். ஏணியைச் சாத்தினான். அறிவுச்செல்வி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றவள், திடீரென்று "அய்யய்யோ!" என்று கத்தினாள். ஏணியிலிருந்தவன் விழப் பார்த்தான்.

அவள் அந்த வரியில் போட்டிருந்த வார்த்தை 'மேப்'. கொடுத்த பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலையைச் செய் என்று அர்த்தம். ஆனால் க்ளோஜரின் மேப் சோம்பேறி. செய்கிறேன் என்று ஒத்துக்கொள்ளும், விடையை யாராவது கேட்கும்வரை சுண்டுவிரலை அசைக்காது. அவள் எதிரில் உட்கார்ந்து தட்டியபோதெல்லாம் திரையில் விடையைக் காட்ட வேண்டியிருந்தது, அதனால் செய்தது. மத்தியானம் தனியாக ஓடியபோது விடையைக் கேட்க ஒரு ஆள் இல்லை. ஆகட்டும் என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டது. இது அவளுக்குத் தெரியாத சங்கதியா? சேர்ந்த மாதமே படித்ததுதான். வீட்டிலேயே அப்படி ஒருவனை வைத்துக் குடும்பம் நடத்திக்கொண்டும் கோட்டை விட்டாளே, அதுதான் அவளுக்கு ஆறவில்லை.

மேப்பை அழித்துவிட்டு 'ரன்' என்று எழுதி, பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி போட்டாள். அந்த மொழியில் அந்தக் குறியோடுதான் அந்த வார்த்தை. யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இப்போதே செய் என்று பொருள். புரோகிராமை நிறுத்தக்கூட இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த ஒரு துண்டை மட்டும் மாற்றினாள். இந்த முறை யாரையும் கூப்பிட்டுக் காட்டவில்லை. என்ன குறி அது என்று எட்டிப் பார்த்துக் கேட்ட இளவழகனுக்கு மட்டும் அர்த்தம் சொன்னாள். நேரே மாமனாரிடம் போனாள்.

"தப்பு என்மேல மாமா. பார்த்துச் சரி பண்ணிட்டேன். நாளைக்குக் காத்தான் வாசல்லயே இருக்கட்டும். ஆனா போன் அடிக்கிறவரைக்கும் மோட்டாரைத் தொட வேண்டாம்னு சொல்லுங்க. நானும் லேப்டாப்பைத் தொட மாட்டேன்."

வெங்கடாசலம் மீசையைத் தடவினார். "பாக்கலாம்" என்றார்.

மறுநாள் மத்தியானம் லேப்டாப்பை மூடிவைத்துவிட்டுச் சமையலறையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். ஒரு கட்டுக் கீரையில் தண்டையெல்லாம் வைத்துக்கொண்டு இலையைக் குப்பையில் போட்டாள். பொன்னாயி குனிந்து இலையைப் பொறுக்கி எடுத்தாள். இளவழகன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வெளியே வெயில் காய்ந்தது.

போன் கூவியது. இளவழகனின் போன். வாசலில் மாமனார் போன். செட்டுப் பக்கம் தூரத்தில் இன்னொன்று. இளவழகன் கையில் எடுத்த சோற்றுருண்டையை அப்படியே தட்டில் போட்டுவிட்டு, கையைக்கூடக் கழுவாமல் ஓடினான். அவனை யாரும் "எங்கே?" என்று கேட்கவில்லை. இரண்டு நிமிடத்தில் மோட்டார் உறுமியது. அறிவுச்செல்விக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கீரையைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள்.

வெங்கடாசலம் சன்னலோரம் வந்து நின்றார்.

"காத்தானைத் தீவன ரூமுக்கு அனுப்பிச்சுட்டேன் சாமி. இனி மத்தியானம் அவன் அங்கியே இருக்கட்டும்."

"சரிங்க மாமா."

போகப் போனவர் திரும்பி வந்தார். செட்டிலிருந்து ஈரச் சட்டையோடு வந்துகொண்டிருந்த மகனைக் கண்ணால் காட்டினார்.

"அதென்னமோ ஒரு குறி போட்டீன்னு பையன் சொன்னான். அதை இவன் பேருக்குப் பக்கத்துலயும் ஒண்ணு போட்டு உடு."