அரை மணி முந்திய எண்கள்

பூட்டக்கா என்றால்தான் அந்த ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் நிறுத்தம் வரை வந்து, பூட்டினோமா இல்லையா என்று திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறவள். ஒருமுறை இல்லை, மூன்று முறை. "உனக்குப் பயந்தே அந்தப் பூட்டு ஒருநாள் கையோட வந்துரப்போகுது" என்று கணவன் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டான். பஸ்ஸைத் தவறவிடுவோமோ என்ற பயம் வேறு. அதற்காகக் கைக்கடிகாரத்தை அரை மணி முந்தி ஓடவிட்டிருந்தாள். மணி பார்க்கும்போதெல்லாம் மனதுக்குள் அரை மணியைக் கழித்துக்கொள்வாள். பதினெட்டு வருஷப் பழக்கம்.

இப்படிப்பட்டவள் துணிந்து செய்த ஒரே காரியம் அந்த எண்கள். நோயாளிகளுக்குச் சீட்டு அடிக்க வேலைக்கு வந்தவள், தானாகவே படித்துத் தேறி கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாறினாள். அப்போதெல்லாம் ஆஸ்பத்திரி முழுவதற்கும் ஒரே மெஷின்தான் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுகளுக்கு ஒன்று, இரண்டு என்று எண் கொடுக்கும். அது படுத்தால் ஆஸ்பத்திரியே படுத்துவிடும். பூட்டக்கா அதை மாற்றினாள். எந்த மெஷினும் யாரையும் கேட்காமல் தானே எண் போட்டுக்கொள்ளலாம். எண்ணின் தலையில் அந்த நொடியின் நேரம், அடுத்து மெஷினின் அடையாளம், வாலில் ஒரு வரிசை இலக்கம். ஒரே நொடியில் பத்து மெஷின் போட்டாலும் ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது. பெரிய எண் மேலே வரும்படி அடுக்கினால் போதும், கடைசியாக வந்த ரிப்போர்ட் பட்டியலின் உச்சியில் நிற்கும். "மேல இருக்கறதுதான் புதுசு. கீழ பாக்கவே வேணாம்" என்று நர்ஸுகளுக்கு அவளே சொல்லிக்கொடுத்தாள். அவர்களும் அப்படியே பழகிவிட்டார்கள்.

அன்று காலை அவசரப் பிரிவு மெஷினில் கடிகார பேட்டரி செத்துப்போயிருந்தது. புதுசு போட்டாள். மற்ற நாளாக இருந்தால் மெஷின் சரியான நேரத்தைத் தானாகவே வாங்கிக்கொள்ளும். அன்று பார்த்து நேரம் கொடுக்கும் சர்வர் பழுது. சரி, கையால் வைத்துவிடலாம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து மணி வைத்தாள். வாசலில் ஸ்ட்ரெச்சர் மேல் ஸ்ட்ரெச்சராக வந்துகொண்டிருந்த களேபரத்தில் அரை மணியைக் கழிக்க மறந்துபோனாள். பூட்டக்கா சும்மா விடுவாளா? மூன்று முறை சரிபார்த்தாள். மூன்று முறையும் அதே கைக்கடிகாரத்தில்.

தன் அறைக்கு வந்து பட்டியலைத் திறந்தபோது சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐந்து. பட்டியலின் உச்சியில் நின்ற ரிப்போர்ட்டோ பத்து இருபதுக்கு வந்ததாகச் சொன்னது. இன்னும் வராத நேரம். கைக்கடிகாரத்தில் பத்து முப்பத்தைந்து; காலையில் அரை மணியைக் கழிக்காமல் வைத்தது அப்போதுதான் உறைத்தது.

பட்டியலில் கீழே இறங்கிப் பார்த்தாள். மூன்றாம் மாடியில் ஒன்பதாம் படுக்கைப் பெரியவருக்கு இரண்டு ரிப்போர்ட். மேலே இருந்ததில் சர்க்கரை நானூற்று எண்பது. அதற்குக் கீழே இருந்ததில் நூற்று நான்கு, கூடவே ஒரு குறிப்பு: 'முதல் ரத்தம் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்த கையில் எடுத்தது, செல்லாது. இதுதான் சரி.' முதலாவதை, அவர் காலையில் அவசரப் பிரிவில் இருந்தபோது, அந்தப் பிரிவு மெஷின் போட்டிருந்தது. இரண்டாவதை வார்டு மெஷின், அதற்குப் பிறகுதான் போட்டது. ஆனாலும் பழசு புதுசின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

நானூற்று எண்பதைப் பார்த்தால் நர்ஸ் இன்சுலின் போடுவாள். சர்க்கரை சரியாக இருக்கிற உடம்பில் அது போனால் ஆளையே சாய்த்துவிடும். வார்டுக்கு போன் அடித்தாள். லைன் கிடைக்கவில்லை. லிஃப்ட்டில் ஏறப் பயம் அவளுக்கு. படியில் ஓடினாள். செருப்பு ஒன்று இரண்டாம் மாடியிலேயே நின்றுவிட்டது.

"ஒம்பதாம் பெட்டுக்கு ஊசி போடாதீங்க! அது பழைய ரிப்போர்ட்டு!"

நர்ஸ் காலி ஊசியோடு திரும்பினாள். "இப்பதானேக்கா போட்டேன்? மேல அதுதானே இருந்துச்சு?"

பூட்டக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. நல்லவேளை, நர்ஸுக்கு ஓடியது. டாக்டருக்குச் சொல்லிவிட்டு, பெரியவரின் விரலில் குத்திப் பார்த்தாள். எழுபத்து நாலு. குளுக்கோஸை மறுபடி மாட்டினாள். "எப்படிக்கா பழசு மேல வந்துச்சு?" என்று கேட்டாள்.

சொல்லியிருக்கலாம். பதினெட்டு வருஷ வேலை, கட்டிக்காத்த நல்ல பேர், எல்லாம் கண்முன் வந்து நின்றன. "அப்புறம் சொல்றேன், முதல்ல இவரப் பாருங்க" என்றாள்.

அடுத்த முறை ஐம்பத்தெட்டு. பெரியவருக்கு வேர்த்துக் கொட்டியது, உதடு நடுங்கியது, யாரையோ கூப்பிட்டார். அருகில் நின்ற அவர் மகள் என்ன ஏதென்று புரியாமல் பூட்டக்காவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பூட்டக்கா தெரிந்த சாமியையெல்லாம் வேண்டினாள். பிறகு அறுபத்தாறு. பிறகு தொண்ணூற்றேழு. பெரியவர் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். நர்ஸ் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தன் மேஜைக்குப் போனாள்.

"நீங்க மட்டும் ஓடி வரலன்னா எங்கப்பா இல்ல. நீங்க நல்லா இருக்கணும்" என்று மகள் அழுதாள்.

அந்த நன்றியைப் பூட்டக்காவால் தாங்க முடியவில்லை. "அழாதம்மா. தப்பு என்னோடதுதான். அவசரப் பிரிவு மெஷின்ல மணிய அரை மணி முந்தி வச்சிட்டேன். அதான் பழைய ரிப்போர்ட்டு மேல வந்துடுச்சு."

மகள் கையை விட்டுவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "இப்ப அத நிறுத்திட்டுத்தானே வந்தீங்க?"

நிறுத்தவில்லை. ஒரு பெரியவரை நினைத்து ஓடிவந்தவள், அங்கே அந்த மெஷின் இன்னும் எண் போட்டுக்கொண்டிருப்பதையே மறந்துவிட்டாள். நாற்பது நிமிடமாக இங்கே நிற்கிறாள். அதற்குள் எத்தனை ரிப்போர்ட், எத்தனை மாடி, எத்தனை படுக்கை? யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நர்ஸ் மேஜையில் பட்டியலின் உச்சியை மட்டும் பார்த்துவிட்டு, புது ஊசியைத் தட்டில் வைத்துக்கொண்டு பன்னிரண்டாம் படுக்கையை நோக்கி நடந்தாள்.

"யாருக்கும் எதுவும் போடாதீங்க!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினாள் பூட்டக்கா. "நான்தான் தப்பா வச்சேன்! எல்லாருக்கும் சொல்லுங்க, நான்தான்!"