மூன்றாம் ஓலைக்கு ஸ்கூட்டரில் போனது

என் கல்யாணப் பத்திரிகையில் எங்கள் ஊர் குரோம்பேட்டை என்று அச்சாகியிருந்தது. எங்கள் வீடு இருந்ததோ சானடோரியம் ஸ்டேஷனுக்குப் பின்னால், நடந்தால் எட்டு நிமிடம். ஆனால் எங்கள் தெருவில் யார் வீட்டுக் கல்யாணமானாலும் பத்திரிகையில் குரோம்பேட்டைதான். கொஞ்சம் துணிச்சல்காரர்கள் தாம்பரம் என்று போடுவார்கள். காசநோய் ஆஸ்பத்திரியின் பேரால் அழைக்கப்படுகிற இடத்தில் யார் சம்பந்தம் வைத்துக்கொள்வார்கள்? அதனால் ஒரு ஸ்டேஷன் தள்ளிப் போட்டுக்கொள்வது எங்கள் தெரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அதைப் பொய் என்று யாரும் நினைத்ததில்லை.

மற்றவர்களுக்கு அது வெறும் கௌரவம். எனக்கு அப்படியில்லை. பத்தொன்பதாவது வயதில் நான் அந்த ஆஸ்பத்திரியில் ஒன்பது மாதம் படுத்திருந்தேன். தினம் ஒரு ஊசி, கைநிறைய மாத்திரை, ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டிலுக்குப் பக்கத்தில் அப்பா. குணமாகி ஆறு வருஷம் ஓடிவிட்டது. பம்மலில் ஒரு தோல் கம்பெனியில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, உடம்பும் தேறி, மாப்பிள்ளைக் களை வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். பெண் வீட்டாரிடம் மட்டும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

பெண் ஏற்காட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், அங்கேயே ஹாஸ்டலில் வாசம். அப்பா அம்மா இல்லை. அஸ்தினாபுரத்தில் இருந்த அவளுடைய மாமாதான் எல்லாம் பேசி முடித்தார். அவர் வீட்டில் ஒரே ஒரு முறை அவளைப் பார்த்தேன். “மலையில குளிர் அதிகமா?” என்று கேட்டேன். “பழகிடும்” என்றாள். எங்கள் பேச்சு அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வார்த்தையை அவள் சொன்ன விதம் எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து, இவளிடம் மறைக்கிறோமே என்று உறுத்த ஆரம்பித்தது.

அப்பாவிடம் இரண்டு தடவை பேசிப் பார்த்தேன். அப்பா ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க். வார்த்தைகளை எடை போட்டுத்தான் பேசுவார். “ஆறிப்போனதை எதுக்குடா கிளறணும்? உனக்கப்புறம் தங்கச்சி ஒருத்தி இருக்கா, ஞாபகம் இருக்கா?” என்றார்.

எங்கள் கிறிஸ்தவ சபைகளில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ‘ஓலை’ வாசிப்பார்கள். ஓலை என்பது பேருக்குத்தான், வெறும் காகிதம். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் ஆராதனை நடுவில் படித்துவிட்டுச் சற்று நிறுத்துவார். மாப்பிள்ளையின் கோயிலிலும் படிப்பார்கள், பெண்ணின் கோயிலிலும் படிப்பார்கள். மூன்று ஞாயிறும் யாரும் வாய் திறக்காவிட்டால் சர்ட்டிபிகேட் கிடைக்கும். தன் ஓலையைத் தானே காதால் கேட்கக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கமும் உண்டு. முதல் இரண்டு ஓலைகளின்போது நான் பல்லாவரத்தில் வேறொரு கோயிலில் உட்கார்ந்துகொண்டு, இப்போது படிப்பார்கள், இப்போது நிறுத்துவார்கள் என்று கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தடை அறிந்து, அதைச் சொல்ல நினைத்தவன் நான் ஒருவன்தான். அவனை வேறு கோயிலுக்கு அனுப்பிவிட்டு ஓலை வாசிக்கிறார்களே என்று தோன்றியது.

மூன்றாம் ஓலைக்கு முன்னால் அவளிடம் நேரில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். கடிதம் எழுதினால் ஹாஸ்டல் வார்டன் பிரித்துவிடுவார். ரயிலில் போனால் தாம்பரம் ஸ்டேஷனில் அப்பாவைத் தெரியாத ஆள் கிடையாது. அதனால் ஆபீஸ் சிநேகிதனிடம் ஸ்கூட்டர் கேட்டேன்.

“வண்டி சோக்கா கீது மச்சான். பின் பிரேக்கு மட்டும் கொஞ்சம் பேஜார் பண்ணும். எறக்கத்துல செகண்டுலயே வச்சிகினு போ” என்றான் அவன். பிறகு என் முகத்தைப் பார்த்து, “தனியாவா போற? இன்னா விசயம்?” என்றான்.

“சும்மா, ஊர் சுத்தத்தான்” என்றேன். வீட்டில், ஆபீஸ் ஆட்கள் நாலு பேர் சேர்ந்து செஞ்சிக் கோட்டையும் திருவண்ணாமலையும் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்லியிருந்தேன். ஒரு மறைப்பைச் சரிசெய்யக் கிளம்பியவன் இரண்டு பொய் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிளம்பிவிட்டேன். போன மாதம் எடுத்த என் மார்பு எக்ஸ்ரேயைப் பழுப்புக் கவரோடு இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, சட்டைக்குள் முதுகோடு சேர்த்து வேட்டிக் கிழிசலால் கட்டியிருந்தேன். நான் குணமானவன் என்பதற்கு என்னிடமிருந்த ஒரே சாட்சி அதுதான். மடங்கிவிடக் கூடாதே என்று வண்டலூர், செங்கற்பட்டு, மதுராந்தகம் என்று வழி நெடுக விறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மதுராந்தகம் ஏரி நிறைந்து தளும்பிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபோது கூட, ஈரக் காற்று நெஞ்சுக்கு ஆகாதே என்றுதான் நினைத்தேன்.

திண்டிவனத்தில் திரும்பி மேற்கே போனதும் பாறைக் குன்றுகள் ஆரம்பித்தன. செஞ்சியில் ராஜகிரி உச்சியில் கோட்டை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். அதன் அடிவாரத்தில் வண்டி நின்றுவிட்டது, பிளக்கைக் கழற்றிக் கரி துடைத்துக்கொண்டிருந்தேன். டீக்கடைக்காரர் என் முதுகையே பார்த்தார்.

“முதுகுல என்ன சார், அடிபட்டுட்டீங்களா?”

“இல்லீங்க, ஒரு படம். மடங்காம இருக்கணும்.”

“கோட்டைக்குப் போறீங்களா?”

“நேரமில்லீங்க.”

“அடப் பாவமே, இவ்வளவு தூரம் வந்துட்டு” என்றார். உண்மையில் அந்தக் கோட்டையைப் பார்க்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. ஆனால் அன்று ஏறினால் மூச்சு வாங்கும், மூச்சு வாங்கினால் பயம் வரும்.

அன்றைக்குத் திருவண்ணாமலையில் தங்கி, மறுநாள் செங்கம், ஊத்தங்கரை, அரூர் வழியாகப் போனேன். மஞ்சவாடிக் கணவாயில் இரண்டு பக்கமும் காடு நெருங்கி வந்தது. மைல் கணக்கில் ஒரு ஆள் இல்லை, வண்டிச் சத்தம் மட்டும் மலையில் மோதித் திரும்பிக்கொண்டிருந்தது. அவளிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வாய்விட்டே ஒத்திகை பார்த்தேன். ‘உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்’ என்று ஆரம்பித்தால் பயந்துவிடுவாள். ‘ஒண்ணுமில்ல’ என்று ஆரம்பித்தால் அதுவும் பொய். சேலம் வரும்வரை முதல் வாக்கியம் கிடைக்கவில்லை.

ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஏழாவதோ எட்டாவதோ தாண்டியதும் காற்று சட்டென்று குளிர்ந்தது, இருமல் வந்தது. ஒரே ஒரு இருமல்தான். வண்டியை ஓரம்கட்டிக் கைக்குட்டையை விரித்துப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. அடுத்த வளைவில் இன்னொரு இருமல், மறுபடி நிறுத்தினேன், மறுபடி பார்த்தேன். கீழே சேலம் பட்டணம் தீப்பெட்டிகளைக் கொட்டியதுபோல் கிடந்தது, பக்கத்தில் காப்பிச் செடிகள் பூத்து மணத்துக்கொண்டிருந்தன. நான் ஒவ்வொரு வளைவிலும் கைக்குட்டையைப் பார்த்துக்கொண்டே மலை ஏறினேன். கல்யாணம் நின்றுபோகும் என்ற பயம் பின்னுக்குப் போய், ஒருவேளை நின்றுபோவதுதான் நியாயமோ என்ற பயம் முன்னால் வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஹாஸ்டல் வாசலில் போய் நின்றேன். வார்டனம்மா என்னை விசாரித்துத் தெரிந்துகொண்டதும் வாயைப் பொத்திச் சிரித்தார். “நல்லாருக்கே! நாளைக்கு மூணாவது ஓலை. அது முடியாம மாப்பிள்ளையும் பொண்ணும் பார்க்கக் கூடாது தம்பி. இன்னும் ஒரு நாள் பொறுங்க, அப்புறம் ஆயுசுக்கும் பார்த்துக்கிட்டே இருங்க” என்றார்.

“அவசரமா ஒரு விஷயம் பேசணும்மா.”

“எல்லா மாப்பிள்ளைக்கும் அவசரம்தான்” என்று கதவைச் சாத்திவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் ஸ்கூட்டரை உதைத்தேன். அது உடனே ஸ்டார்ட் ஆயிற்று. இந்தப் பயணம் முழுக்க அது ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது அந்த ஒரு தடவைதான்.

மறுநாள் கோயிலுக்குப் போனேன். போகக் கூடாது என்று தெரியும், ஆனால் வேறு எங்கே போவேன்? ஆண்கள் பக்கத்தில் கடைசி பெஞ்சில், முதுகில் எக்ஸ்ரேயோடு உட்கார்ந்தேன். பெண்கள் பக்கம் நீல யூனிபாரம் போட்ட பிள்ளைகள் வரிசையாக இருந்தார்கள், அவர்களின் கடைசியில் அவள். பிள்ளைகளை அழைத்து வரும் முறை அவளுடையது போலிருக்கிறது, அவளும் வழக்கத்தை மீறித்தான் வந்திருந்தாள். என்னை அவள் கவனிக்கவில்லை.

போதகர் காகிதத்தைப் பிரித்தார். என் பெயர், அப்பா பெயர். பிறகு தெளிவாக, நிறுத்தி, “குரோம்பேட்டை வாசியான” என்று படித்தார். பலிபீடத்துக்கு முன்னால் நின்று அவர் அதைப் படித்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. எங்கள் தெருவில் யாரும் பொய்யென்று நினைக்காத ஒன்று, அங்கே அப்பட்டமான பொய்யாகக் கேட்டது. மூன்றாம் ஓலை, தடை அறிந்தவர்கள் இப்போது தெரிவிக்கலாம் என்று முடித்துவிட்டு அவர் நிறுத்தினார். அந்த மௌனத்தில் எனக்கு இருமல் வந்தது. அடக்கப் பார்த்தேன், அடங்கவில்லை.

கோயில் முழுக்கத் திரும்பியது. போதகர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, “அங்கே யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?” என்றார்.

எழுந்துவிட்டேன். “நான் குரோம்பேட்டை இல்லீங்க ஐயா” என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. “நீங்க யார் தம்பி?” என்றார்.

“நான்தான் மாப்பிள்ளை.”

நீல யூனிபாரம் வரிசை மொத்தமும் சிரித்துவிட்டது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

ஆராதனை முடிந்ததும் போதகரின் அறையில் மூன்று பேரும் நின்றோம். ஒத்திகை பார்த்த எதுவும் வாயில் வரவில்லை. சானடோரியம், ஒன்பது மாதம், ஆறு வருஷம் என்று மூன்றையும் கொட்டிவிட்டு, முதுகுக் கட்டை அவிழ்த்து எக்ஸ்ரேயை நீட்டினேன். வியர்வையில் கவர் நைந்திருந்தது, படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகு நேரம் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணும் புரியல” என்றாள். “ஐயாவுக்குப் புரியுதா?”

போதகரும் குனிந்து பார்த்தார். “எனக்கும் தெரியாதும்மா.”

இருநூறு மைல் முதுகில் சுமந்து வந்த சாட்சியைப் படிக்க அங்கே ஆளில்லை.

“அஸ்தினாபுரத்துல ஏன் சொல்லல?” என்று கேட்டாள். குரலில் கோபம் இருந்தது. தங்கை, அப்பா, தெரு வழக்கம் என்று என்னிடம் காரணங்கள் இருந்தன. “பயம்” என்று மட்டும் சொன்னேன். “இப்பவும் பயமாத்தான் இருக்கு. வர்ற வழியெல்லாம் இருமல் வந்துச்சு.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். “முதல் தடவை மலை ஏறுறவங்க எல்லாருக்கும் வரும்” என்றாள். பிறகு படத்தைக் கவரில் போட்டுத் தன் பைபிளோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். “ஸ்கூலுக்கு டாக்டர் வருவார். அவர்கிட்ட காட்டிட்டு எழுதறேன். ஐயா, அதுவரைக்கும் சர்ட்டிபிகேட் எழுத வேண்டாம்.”

திரும்பி வந்த பாதையைப் பற்றி எனக்கு அதிகம் ஞாபகமில்லை. முதுகு லேசாக இருந்தது, மனசு கல்லாய்க் கனத்தது. செகண்ட் கியரிலேயே இருபது வளைவும் இறங்கினேன். செஞ்சியில் அதே டீக்கடைக்காரர், “படம் எங்க சார்?” என்று கேட்டார். “கொடுத்துட்டேன்” என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். கட்டு கட்டாக அச்சாகி வந்திருந்த பத்திரிகைகளைத் துணியால் மூடி அலமாரி மேல் ஏற்றினார். சாப்பிடும்போது தங்கையின் பக்கமே பார்க்காமல் சாப்பிட்டார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. நான் என் மனசாட்சியைச் சுத்தம் செய்துகொண்டு, தங்கையும் அந்தப் பெண்ணுமாக இரண்டு பேர் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனோ என்று தவித்தேன். தபால்காரர் சைக்கிள் மணிக்கு ஓடி ஓடி அந்த வாரம் போயிற்று.

சனிக்கிழமை கவர் வந்தது. தபால்காரரிடமிருந்து அப்பாதான் வாங்கினார். பிரிக்காமல் முன்பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு என்னிடம் நீட்டினார். விலாசத்தில் அவள் கையெழுத்தில், கொட்டை எழுத்தில், சானடோரியம் என்று இருந்தது. உள்ளே இரண்டே வரி. ‘டாக்டர் பார்த்தார். போதகர் ஐயாவிடம் சர்ட்டிபிகேட் எழுதச் சொல்லிவிட்டேன், பத்திரிகையில் ஊர்ப் பெயரை மாற்றச் சொல்லுங்கள்.’

அப்பாவிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். அலமாரி மேலிருந்து பத்திரிகைக் கட்டுகளை இறக்கி, கூட்ஸ் ரசீது எழுதுகிற பேனாவை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். முதல் பத்திரிகையில் குரோம்பேட்டையின் மேல் ஒரு கோடு இழுத்தார். அதற்கு மேலே சானடோரியம் என்று எழுதினார். மையை ஊதிக் காயவைத்துவிட்டு, ஒரு வாரத்தில் முதல் தடவையாக என்னோடு பேசினார்.

“எழுத்து தெளிவா தெரியுதா பாரு.”